ராஸ்பெர்ரி என்று எழுதியிருந்தால் போதுமா?

திருச்சியை அடுத்த துவாக்குடியில் ராஸ்பெர்ரிச் செடி கிடையாது. பெயர் மட்டும் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. என்.ஐ.டி. மாணவர்கள் கூடும் ஜூஸ் கடைகளில் சிவப்பு சிரப்பாகவும், பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்கின் மேல் மினுங்கும் ஜெல்லாகவும், குச்சி ஐஸாகவும், பிள்ளைகள் கையில் மிட்டாயாகவும் அது வந்து சேர்கிறது. அண்மைக்காலமாக ஆன்லைனில் உறைய வைத்த பழமாகவும், உடல் இளைக்கும் மாத்திரையாகவும் வீட்டு வாசலுக்கே வருகிறது. இவற்றில் எதில் பழம் இருக்கிறது, எதில் வெறும் எசன்ஸும் சாயமும் இருக்கின்றன என்று கேட்க நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கடைக்காரர் முகம் சுளிப்பாரோ என்ற கூச்சத்தில் அந்த உரிமையை நாம் பயன்படுத்துவதே இல்லை.

முதலில் செடி. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த ராஸ்பெர்ரி குளிர்நாட்டுக்காரி. பல ரகங்கள் காய்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்கும் கீழே எண்ணூறு மணி நேரமாவது உறங்கி எழ வேண்டும். மார்கழி விடியலில்கூடத் திருச்சியில் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே ‘எந்த வெயிலையும் தாங்கும் ராஸ்பெர்ரிக் கன்று, ஆறே மாதத்தில் காய்ப்பு’ என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் இதன் உறவுக்காரச் செடிகள் முட்புதராக வளர்கின்றன. மைசூர் ராஸ்பெர்ரி எனப்படும் வகை சிவந்து, பிறகு கருஊதாவாகப் பழுக்கும். மஞ்சள் பழம் தரும் இன்னொரு வகையும் உண்டு. அவை மலைக்குரியவை. காவிரிக் கரைச் சமவெளியின் சித்திரை வெயிலில் அவற்றிடம் விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

கன்று என்ற பெயரில் வருவது மல்பெரியாகவும் இருக்கலாம். பழத்தை வைத்து எளிதில் கண்டுபிடிக்கலாம். ராஸ்பெர்ரியைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும்; பழம் விரலில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு உள்ளே குழிந்திருக்கும். மல்பெரியில் குழி இருக்காது, பச்சைக் காம்பு பழத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். ஏமாற்றப்பட்டால் அந்த விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய சான்று, வந்த செடியின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரமும், சொன்னதற்கு மாறான பொருளும் புகாருக்குரியவை. வெளிநாட்டு இணையதளத்தில் விதை வாங்குவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையோ கன்றோ நாட்டுக்குள் வரக் கூடாது. அற்பக் காரியமாக நினைக்க வேண்டாம். மைசூர் ராஸ்பெர்ரியே கலாபகஸ் தீவுகளுக்குப் போய், அங்குள்ள காட்டை மூடும் களையாக மாறியிருக்கிறது.

இனி பாட்டில். ‘ராஸ்பெர்ரி’ என்று முகப்பில் பழப்படத்தோடு நிற்கும் சிரப்பைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் சர்க்கரை, தண்ணீர், அமிலச் சீராக்கி 330, பதப்படுத்தி 211, நிறமூட்டி 122 அல்லது 124, சேர்க்கப்பட்ட சுவையூட்டி என்று வரிசை போகும். 330 என்பது சிட்ரிக் அமிலம், 211 சோடியம் பென்சோயேட், 122 கார்மோய்சின், 124 பொன்சூ 4ஆர். இந்த எண்கள் விஷம் என்று சிலர் வாட்ஸ்அப்பில் பரப்புவது சரியல்ல. குறிப்பிட்ட உணவுகளில் குறிப்பிட்ட அளவுக்குள் இவை அனுமதிக்கப்பட்டவைதான். கவனிக்க வேண்டியது வேறு. பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் உள்ளே மிகுதியாக இருக்கிறது. சர்க்கரை முதலிலும் பழம் எங்குமே இல்லாமலும் இருந்தால், நீங்கள் வாங்குவது நிறமிட்ட சர்க்கரைப் பாகு. பழம் இல்லாமல் மணம் மட்டும் உள்ள பொருளைப் பழப்பொருள் என்று விற்க விதிகள் இடம் தருவதில்லை. சுவையூட்டப்பட்டது என்று எழுத வேண்டும். செயற்கை நிறம் சேர்த்திருந்தால் அதையும் எழுத வேண்டும். முகப்பில் கொட்டை எழுத்தில் பழமும், மூலையில் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் உண்மையுமாக இருந்தால் அதுவும் புகாருக்குரிய விஷயம். நீல ராஸ்பெர்ரி மிட்டாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்படி நீல நிறத்தில் ஒரு ராஸ்பெர்ரிப் பழம் உலகில் இல்லை.

அனுமதிக்கப்பட்ட நிறத்தைவிட அஞ்ச வேண்டியது அனுமதியில்லாத நிறம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் பிடிபட்டது. தமிழ்நாட்டிலும் மாதிரிகள் எடுக்கப்பட்டு, அரசு ஆய்வகத்தில் அதே சாயம் உறுதியானது. 2024 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசு அத்தகைய பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம் அது. பளீரென்ற இளஞ்சிவப்பு தரும், விலையும் மலிவு. அதனால்தான் குழந்தையின் கண்ணைப் பறிக்கும் எந்தச் சிவப்புப் பண்டத்திலும் அது நுழைய வாய்ப்பு இருக்கிறது. ரோடமின் கலந்த உணவைத் தயாரிப்பது, விற்பது மட்டுமல்ல, கல்யாண வீட்டிலும் பொது விழாவிலும் பரிமாறுவதும் குற்றம் என்று அப்போதே அறிவித்தார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில், சித்திரைத் தேருக்குச் சமயபுரத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். கம்பில் பஞ்சு மிட்டாய் சுமந்து நடக்கிற மனிதருக்குத் தான் கலப்பது என்ன சாயம் என்று பல நேரம் தெரியாது. அவரைப் பிடித்துப் போவதோடு நின்றுவிடாமல், லேபிள் இல்லாத பொட்டலத்தில் அந்தப் பொடியை அவருக்கு விற்ற மொத்தக் கடைவரை விசாரணை போக வேண்டும். புகார் எழுதும்போது அந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ராஸ்பெர்ரி, நாவல், மாதுளை போன்றவற்றின் சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமியால் வருபவை. சிரப்பை ஒரு ஸ்பூன் எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் நாலு மடங்கு தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவுங்கள். பழச்சாறாக இருந்தால் சிவப்பு மங்கி ஊதாவாகவோ நீலம் கலந்த சாம்பலாகவோ திரும்பும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி சிவக்கும். சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை விட்டால் நிறம் மாறுவதும் இதே காரணத்தால்தான். சோடா போட்டும் சிவப்பு அசையாமல் நின்றால், அந்த நிறம் பழத்திலிருந்து வந்ததல்ல என்று சந்தேகிக்கலாம். பீட்ரூட் நிறம் சேர்த்திருந்தாலும் நிறம் பெரிதாக மாறாது என்பதால், இதைச் சாட்சியாகக் கொள்ள முடியாது. புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவே.

உறைய வைத்த உண்மையான பழத்திலும் ஆபத்து உண்டு. அது வேறு வகை. ஒரு ராஸ்பெர்ரி என்பது பல சின்னஞ்சிறு மணிகள் ஒட்டிய கொத்து. மணிகளுக்கு நடுவே மெல்லிய மயிரிழைகளும், உள்ளே குழியும் இருப்பதால் கழுவினாலும் அழுக்கு முழுவதும் போகாது. 1996இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,400க்கும் மேற்பட்டோருக்கு சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் வயிற்றுப்போக்கு வந்தது. முதலில் கலிபோர்னியா ஸ்ட்ராபெர்ரிதான் காரணம் என்று பழி போட்டார்கள். விசாரணை குவாத்தமாலாவிலிருந்து வந்த ராஸ்பெர்ரியில் போய் முடிந்தது. 2005இல் டென்மார்க்கில் உறைந்த ராஸ்பெர்ரி வழியாக நோரோ வைரஸ் பரவியது. குளிர் வைரஸைக் கொல்லாது, பத்திரமாக வைத்துக்கொள்ளும். 2013இல் ஹெபடைடிஸ் ஏ பரவியபோது, உறைந்த இறக்குமதிப் பழங்களை ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்த பிறகே உண்ணுங்கள் என்று அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. நம் வீட்டுக்கும் பொருந்துகிற எளிய வழி அதுதான். உறைந்த பழத்தை நேராக மிக்ஸியில் போட்டு ஸ்மூத்தி ஆக்காமல், கொஞ்சம் வெல்லமும் உப்பும் போட்டு வாணலியில் கொதிக்க விட்டுப் பச்சடியாக்கலாம். மாங்காய்ப் பச்சடிக்குச் செய்வதுபோல் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால், அதன் புளிப்புக்கு நன்றாகவே சேரும்.

பாக்கெட்டை வாங்கும்போது கையால் அசைத்துப் பாருங்கள். பழங்கள் கோலிக்குண்டாகத் தனித்தனியே உருண்டால் நல்லது. சிவப்புப் பனிக்கட்டியோடு ஒரே கட்டியாக இருந்தால், நடுவழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள் திருச்சி மே மாத வெயிலில் பைக்கில் வருகிறது. வாங்க மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. இறக்குமதிப் பாக்கெட்டில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம்) உரிம எண் இருக்க வேண்டும். வெறும் வெளிநாட்டு எழுத்து மட்டும் இருந்தால் தொடாதீர்கள்.

உடல் இளைக்க என்று விற்கும் ராஸ்பெர்ரி கீட்டோன் மாத்திரை, இந்தப் பெயரில் நடக்கும் வியாபாரத்தில் மிகவும் வருத்தம் தருவது. ராஸ்பெர்ரி கீட்டோன் என்பது அந்தப் பழத்துக்கு மணம் தரும் பொருள். ஒரு கிலோ பழத்தில் சில மில்லிகிராம்தான் இருக்கும், ஆகவே மாத்திரையில் இருப்பது தொழிற்சாலையில் செய்தது. மனிதர்களுக்கு இதனால் எடை குறைகிறது என்று நம்பத்தக்க ஆய்வு இல்லை. உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டமே தடுக்கிறது. ரத்த அழுத்தம், இதயநோய், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் விழுங்க வேண்டாம். பிரசவம் சுலபமாகும் என்று விற்கும் ராஸ்பெர்ரி இலைத் தேநீரும் அப்படியே. கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டாமல் குடிக்கக் கூடாது.

பழம் நல்ல பழம்தான். நூறு கிராமில் சுமார் 52 கலோரி, ஆறரை கிராம் நார்ச்சத்து, 26 மில்லிகிராம் வைட்டமின் சி. இதற்காக நூற்றுக்கணக்கில் செலவு செய்ய முடியாத தாய்மார்கள் பிள்ளைக்கு எதையோ கொடுக்காமல் விட்டோம் என்று ஏங்க வேண்டியதில்லை. காந்தி மார்க்கெட்டில் வாங்கும் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நார்ச்சத்தும் ஏறக்குறைய இதே அளவுக்கு உண்டு.

புகார் செய்யும் வழிக்கு வருவோம். பேக்கரியிலோ ஜூஸ் கடையிலோ, “அண்ணே, இதுல பழம் இருக்கா, எசன்ஸா?” என்று கேளுங்கள். பில் கேளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் அச்சிட வேண்டும் என்பது விதி. எண் 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வணிகர் பதிவு. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம்.

திறந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடுவதால் மட்டும் வழக்கு நிற்காது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் முறைப்படி எடுக்கும் மாதிரிதான் சட்டத்தின் முன் செல்லும். அதனால் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, கடை, வாங்கிய நேரம் இந்த நான்கும் புகாரில் இருக்கட்டும். அதே பேட்ச் பாட்டிலை அவர் கடையிலிருந்தே எடுக்க முடியும். மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். நீங்களே சோதிக்க விரும்பினாலும் வழி உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006, பிரிவு 40இன்படி, கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம். பொருளை வாங்கும்போதே, சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், பலரும் தவறவிடுவது இந்த இடம்தான். பொருள் விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் துவாக்குடியிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

சாப்பிட்டு உடம்புக்கு ஆகாமல் போனால் முதலில் வைத்தியம். டாக்டரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். மிச்சப் பொருளைக் கவரோடு ஃப்ரீசரில் வையுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 65இன்படி, உயிரிழப்புக்கு 5 லட்ச ரூபாய்க்குக் குறையாமலும், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு உண்டு. பணம் திரும்பக் கிடைக்கவும் நஷ்டஈட்டுக்கும் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை; வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.