அச்சுருளையின் கவசமும் நிலைமின்னும்

குழிவச்சு முறையில் எழுத்தும் படமும் உருளையின் மேற்பரப்பிலே நுண்ணிய குழிகளாக அமைந்திருக்கும். பொகீமியாவிற் பிறந்த காரல் கிளிச் என்பார் 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் நகரில் இம்முறையைத் தொழிலாக நிலைநாட்டினார். உருக்குருளைமேற் செம்பு படிவிக்கப்பட்டு, அச்செம்பிலே குழிகள் பொறிக்கப்படும். மையில் தோய்ந்தெழும் உருளையை மெல்லிய உருக்கலகொன்று வழித்துவிட, குழிகளில் எஞ்சிய மையே தாளிற் படியும். செம்போ மென்மையானது, அலகு உராயுந்தோறும் தேய்வது. ஆதலின் அதன்மேற் குரோமிய முலாம் இடப்படுகின்றது. இதன் தடிப்புப் பெரும்பாலும் மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கிலுங் குறைவேயாயினும் வன்மையிற் செம்பைப் பன்மடங்கு விஞ்சும்.

இக்கவசத்தால் மின்னிடர் விளைவதில்லை. குரோமியம், செம்பு, உருக்கு மூன்றும் கடத்திகளாதலின், புவியோடு தொடுக்கப்பட்ட உருளையில் ஏற்றம் தங்காது. இடர் விளையுமிடம் வேறு. தாளை அக்குழிகளோடு நெருக்குவது இறப்பர் போர்த்த அழுத்துருளையாகும். சாதாரண இறப்பர் ஒரு காவலி. தாளோ பிளாத்திக்குப் படலமோ அதனைத் தொட்டுப் பிரியுந்தோறும் இரண்டிலும் எதிரெதிரான ஏற்றங்கள் எஞ்சுகின்றன. அழுத்துருளையின் உள்ளேயுள்ள உருக்குத் தண்டைப் புவியோடு தொடுத்துவிட்டால் அச்சமில்லை என்று எண்ணுவாருளர். அது பொருந்தாது. மேற்பரப்பிலுள்ள ஏற்றம் இறப்பரை ஊடுருவித் தண்டை அடைந்தாலன்றோ புவிக்குச் செல்லும்? உருளைக்கு இட்ட போர்வையே ஏற்றத்துக்கும் காவலாகிவிடுகின்றது.

இதனால் வருங் கேடு சிறிதன்று. குழிவச்சு மையைக் கரைக்கப் பெரிதும் பயன்பட்டு வருவது தொலுயீன். ஏறத்தாழ 4 பாகை செல்சியசிலேயே இதன் ஆவி தீப்பற்றத்தக்கது. தகுந்த அளவிற் காற்றோடு கலந்தபோது, மில்லியூலில் காற்பங்களவு ஆற்றலுடைய பொறியே அதனைக் கொளுத்தப் போதுமானது. மனிதன் தன் விரல் நுனியில் உணரவும் போதாத பொறி அது!

எனவே, கரித்தூள் கலந்து ஓரளவு கடத்துமாறு ஆக்கிய இறப்பரைப் போர்த்துவர். தாளுக்குக் காற்றின் ஈரப்பதன் துணைசெய்யும். ஈரம் உறிஞ்சாத பிளாத்திக்குப் படலத்துக்கு அத்துணை சிறிதே. ஆங்குக் காற்றை அயனாக்குங் கோல்களைப் படலத்தின் அருகே நிறுத்துவர்.

வியப்பு யாதெனின், 1960களில் இதே நிலைமின்னை வேண்டுமென்றே ஊட்டும் முறையும் எழுந்தது. சொரசொரப்பான தாளிற் சில குழிகளின் மை ஏறாது வெண்புள்ளிகள் தோன்றும். அழுத்துருளைக்கு உயரழுத்த மின்னூட்டினால் மின்புலம் மையைக் குழியினின்றும் தாளை நோக்கி இழுக்கின்றது. இங்கும் போர்வையின் தன்மையே முதன்மையானது: முற்றுங் காவலியாயின் மின் மேற்பரப்பை எட்டாது, முற்றுங் கடத்தியாயின் தாளின் விளிம்புக்கு அப்பால் அச்சுருளைக்கே பாய்ந்தோடிவிடும்.