இழைப்புத் தகடும் அதன் வாய் தீட்டலும்

செதுக்கல், சீவல், அராவல், இழைத்தல், சுரண்டல் என்பன ஒருபொருட் பன்மொழிகள் போலத் தோன்றினும், தச்சர் கையில் அவை வெவ்வேறு வினைகளாம். மரப்பரப்பை மழமழப்பாக்க உதவும் மெல்லிய எஃகுத் தகடொன்று தமிழிற் 'சுரண்டி' எனப்படுகின்றது. இஃது 'ஸ்கிரேப்பர்' என்னும் ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. கருவியின் தொழிலுக்கு இப்பெயர் பொருந்துமா என்பதனை யாம் ஈண்டு ஆராய்வோம்.

இக்கருவியின் தேவையை உணர்தற்குப் பழனிமலை மரங்கள் நல்ல சான்றாவன. இம்மலைத்தொடரின் தாழ்ந்த சரிவுகளில் வேங்கையும் ஈட்டியும் உண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களில் ஆஸ்திரேலியாவினின்று வந்த சில்வர் ஓக் நிழல்மரமாக நிற்கின்றது. வேங்கை, ஈட்டி ஆகியவற்றின் நார்கள் எதிரெதிராகச் சாய்ந்து பின்னிச் செல்லும். சில்வர் ஓக்கை நடுவினின்று புறம்நோக்கி ஆரப்போக்கில் அறுப்பின், பலகையிற் பூவேலை போன்ற கதிர்கள் தோன்றும். இத்தகைய பலகைகளில் இழைப்புளி ஒரு புறம் வழுவழுப்பாகச் செல்லும். மறுபுறம் நாரைப் பறித்துக் குழியாக்கும். அக்குழிகளை நீக்கவே தகடு வேண்டப்படுகின்றது.

தகடு தேர்தலில் கருதத்தக்கன இரண்டு. முதலாவது கனம்: சமதளப் பரப்புக்கு 0.8 மில்லிமீட்டர் அளவினதும், வளைந்த பரப்புக்கு 0.4 மில்லிமீட்டர் அளவினதும் ஏற்றவை. இரண்டாவது எஃகின் பதம்: அது அரத்துக்கு இணங்கவும் வேண்டும், வாய் விரைவில் மழுங்காதிருக்கவும் வேண்டும். கைரம்ப எஃகு இவ்விரு பண்பும் உடையதாகலின், பழைய ரம்பத்தினின்று வெட்டிய துண்டும் பயன்படும். சாணைச் சக்கரத்தில் நீலம்பாயச் சூடேற்றின் பதம் கெடும்.

வாய் தீட்டுதல் நான்கு படிகளையுடையது. முதலில், தகட்டை இறுகப் பிடித்து, அதன் விளிம்பை அரத்தால் நேராகவும் செங்கோணமாகவும் அராவுதல் வேண்டும். அடுத்து, எண்ணெயிட்ட சாணைக்கல்லில் விளிம்பையும் இரு பக்கங்களையும் தேய்த்து, அரத்தின் கீறல்களையும் பிசிற்றையும் போக்குதல் வேண்டும். மூன்றாவதாக, தகட்டினும் கடினமான மெருகேறிய எஃகுக் கோலை அதன் பக்கங்களில் படியவைத்து அழுத்தி இழுத்தல் வேண்டும். இறுதியாக, அக்கோலை விளிம்பின்மீது, முதலில் மட்டமாகவும் பின்னர் 5 முதல் 10 பாகை சாய்த்தும் ஓட்டுதல் வேண்டும். அப்பொழுது எஃகு பக்கவாட்டிற் பிதுங்கி, கண்ணுக்கு எளிதிற் புலனாகாத நுண்கொக்கியாக மடியும். விரலை விளிம்பின் நீளத்தில் ஓட்டாது, பக்கத்தினின்று வெளிநோக்கித் தடவின் அது தட்டுப்படும்.

இக்கொக்கியே கருவியின் உண்மையான வாய். தகட்டைப் பெருவிரல்களாற் சற்றே வளைத்து, முன்புறம் சாய்த்துத் தள்ளுங்கால், அது நுண்ணிய இழைப்புளி போன்று மரத்தை அரிகின்றது. மெல்லிய சுருள் எழுமாயின் வாய் செம்மையாக உள்ளது. தூள் மட்டும் உதிருமாயின் வாய் மழுங்கியது. மழுங்கிய வாயைக் கோலாற் சிலமுறை மீட்டும் மடிக்கலாம். பின்னர் அரத்தினின்றே தொடங்குதல் வேண்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிற் பயிராக்கப்பெற்ற பைன் போன்ற மென்மரங்களுக்கு இத்தகடு அத்துணை உதவாது. அவற்றின் நார் அரிபடாது நசுங்கும். அம்மலையின் மூடுபனியில் எஃகு துருவேறுமாதலின், வேலை முடிந்ததும் தகட்டில் எண்ணெய் பூசுதல் நன்று.

ஆகவே, சுரண்டுதல் என்பது இக்கருவியின் தொழிலன்று. அதன் வாய் மழுங்கிய நிலையே. பெயரை நம்பிய மாணவன் தூள் உதிர்தலையே இயல்பெனக் கொண்டு, தீட்டவேண்டிய இடத்தில் அழுத்தத்தை மிகுவிப்பான். சந்தனம் இழைத்தல் தேய்த்தலேயாயினும், தச்சு வழக்கில் இழைத்தல் என்பது மெல்லிய சீவல் எடுத்துப் பரப்பைச் செம்மையாக்குதலைக் குறிக்கும். அதனால் 'இழைப்புத் தகடு' என்னும் பெயரே பொருந்துவதென யாம் கருதுகின்றோம். 'சுரண்டி' என்னும் வழக்கை விலக்குதல் எம் நோக்கமன்று. கலைச்சொல் ஆக்குவோர் அயன்மொழிப் பெயரைப் பெயர்க்குமுன், பட்டறையில் உதிர்வது தூளா, சுருளா என நோக்குதல் வேண்டும் என்பதே எம் கருத்து.