பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டதா? தரகரிடம் போகும் முன்…

2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில், விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டமான பி.எம். கிசானின் பட்டியலைத் தோண்டியபோது, நிலமே இல்லாத பலர் விவசாயிகளாகப் பதிவாகியிருந்தது வெளிப்பட்டது. தமிழகம் முழுவதும் சுமார் ஐந்தரை லட்சம் பேர். அவர்களுக்குப் போனது ஏறத்தாழ 110 கோடி ரூபாய். தரகர்களும் கணினி மையக்காரர்களும் ஆதார், பாஸ்புக் நகல்களை வாங்கி, அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டே பெயர்களை ஏற்றியிருந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கைதுகளும் நடந்தன. ஆனால், பணத்தைத் திரும்பப் பிடித்தது பயனாளிகளின் வங்கிக் கணக்கிலிருந்துதான்.

யாருக்குக் கிடைக்கும்?

சொந்தப் பெயரில் சாகுபடி நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதில் ஒருவருக்கே பணம். 1.2.2019 அன்று நிலம் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு மாறிய நிலத்துக்கு விலக்கு உண்டு. வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஓய்வூதியம் பெறுவோர் சேர முடியாது. கடைநிலை ஊழியர்களுக்குத் தடை இல்லை. குத்தகைக்கு உழுபவர், எத்தனை ஏக்கர் உழுதாலும், இத்திட்டத்தில் வரமாட்டார். தகுதியில்லாமல் வாங்கினால் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஏன் நிற்கிறது?

பெரும்பாலும் காரணம் ஆவணங்கள் ஒத்துப்போகாததுதான். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் வேறு எழுத்து இருக்கும், இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடிந்திருக்காது. இரண்டு மூன்று வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் கடைசியாக ஆதார் இணைத்த கணக்கைப் பாருங்கள். பணம் அங்கே விழுந்திருக்கலாம்.

எங்கே உஷார்?

தவணை நாள் நெருங்கும்போது ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) வரும். அதை நிறுவினால் போனில் வரும் ஓடிபி மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். செயலி தேவையென்றால் பிளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். “நின்ற பணத்தை எடுத்துத் தருகிறேன், பாதி கொடு” என்பவரிடம் ஆதார் நகலையோ கைரேகையையோ கொடுக்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

திட்ட இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் எது நிலுவை என்று தெரியும். நிலப் பதிவில் சிக்கல் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும், பதிவிலோ இ-கேஒய்சியிலோ சிக்கல் என்றால் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் கேளுங்கள். உதவி எண் 155261. அசையவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் எழுத்து மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பணம் களவு போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் பெயரில் நடக்கும் பதிவுக்கு நாளை கணக்குக் கேட்கப்படுவது உங்களிடம்தான். காகிதத்தை வேறு கையில் கொடுக்காமல் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள்.