வேலைக்குப் போய்க்கொண்டே கல்லூரியா? லாகார்டியாவில் முடியும்

உங்கள் மகளோ மருமகனோ நியூயார்க்கில் குடியேறியிருக்கலாம். நீங்களே அங்கே ஒரு கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். "இனிமேல் எங்கே படிப்பது?" என்ற கேள்வி வந்தால், குவீன்ஸ் பகுதியில் லாங் ஐலண்ட் சிட்டியில் இருக்கும் லாகார்டியா சமுதாயக் கல்லூரியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 7ஆம் எண் ரயிலில் போகலாம். அதே ரயிலின் கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங்கில்தான் 1977இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயில் இருக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன? உள்ளூர் மக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் பட்டம் தரும் அரசுக் கல்லூரி. லாகார்டியா 1971இல், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் தொடங்கியது. நியூயார்க் மேயராக இருந்த ஃபியோரெல்லோ லாகார்டியாவின் பெயரைத் தாங்கியது. இன்று க்யூனி எனப்படும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கே படிக்கிறார்கள். உங்கள் ஆங்கிலத்தில் ஊர் வாடை அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

மதிப்பெண் குறைவு, சேர்ப்பார்களா? சேர்ப்பார்கள். பள்ளிப் படிப்பு முடித்திருந்தால் போதும், கட்-ஆஃப் கிடையாது. பள்ளியை முடிக்காதவர்கள் அதற்கு இணையான தேர்வு எழுதவும், ஆங்கிலம் தடுமாறுபவர்கள் மொழியைப் பழகவும் தனி வகுப்புகள் உண்டு. வயதும் தடையில்லை.

செலவு எவ்வளவு? நியூயார்க் மாநிலவாசி முழுநேரம் படித்தால் ஆண்டுக்கு 4,800 டாலர், அதோடு சில சிறு கட்டணங்கள். க்யூனியின் நான்காண்டுக் கல்லூரிகளில் இதுவே 6,930 டாலர். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்து வருமானமும் குறைவு என்றால், 'ஃபாஃப்சா' என்ற உதவித்தொகை விண்ணப்பப் படிவத்தை நிரப்புங்கள். பெல் உதவித்தொகை (திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசுப் பணம்) உச்சமாக 7,395 டாலர் வரை கிடைக்கும். பகுதிநேரம் படித்தாலும் குறைந்த அளவில் உண்டு. ஆனால் பாதியில் நின்றுவிட்டால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரலாம். ஆகவே ஒரு பாடத்தை விடுவதற்கு முன், உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

25 முதல் 55 வயது வரை உள்ள, இதுவரை கல்லூரிப் பட்டம் பெறாத மாநிலவாசிகளுக்கு, செவிலியர் படிப்பு, தொழில்நுட்பம் போன்ற ஆள் தேவை மிகுந்த சில துறைகளில் கட்டணமில்லாப் படிப்பு 2025இல் தொடங்கியது. இந்தியாவில் பி.எஸ்ஸி. முடித்தவர்கள், தங்களுக்கு இது பொருந்துமா என்று முதலிலேயே விசாரிப்பது நல்லது.

வேலைக்கு நடுவே நேரம் எப்படிக் கிடைக்கும்? இங்கேதான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். பட்டத்துக்கு 60 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அளவு, பெரும்பாலான பாடங்களுக்கு 3) தேவை. ஒரு பருவத்துக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்பார்கள். ஆனால் இரண்டு ஆண்டில் முடிக்க 15 வேண்டும். பலரும் இதைக் கவனிக்காமல் 12 எடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் திகைக்கிறார்கள். வேலையோடு பருவத்துக்கு இரண்டு பாடம்தான் முடியும் என்றால், பத்துப் பருவம், அதாவது ஐந்து ஆண்டு ஆகும். ஐந்து ஆண்டு ஆனாலும் பட்டம் பட்டம்தான். வீட்டில் எல்லோருக்கும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லாகார்டியாவில் ஒரு பருவம் 12 வாரமாகவும் அதன் பின் 6 வாரமாகவும் பிரிந்திருக்கும். ஆறு வாரத்தில் ஒரே ஒரு பாடத்தை எடுத்து முடித்துக்கொள்ளலாம் என்பது வசதி. ஒரு வாரம் போகாவிட்டால் இழப்பு அதிகம் என்பது சிக்கல். கடையில் பண்டிகைக்கால நெருக்கடி வரும் நாட்களைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாணவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மையமும் வளாகத்திலேயே இருக்கிறது.

சேர்ந்தால் முடித்துவிடுவோமா என்பது நியாயமான பயம். அதற்குப் பதிலாகத்தான் க்யூனி 2007இல் 'அசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர், பயணச் செலவுக்கும் புத்தகத்துக்கும் உதவி, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணமும் தள்ளுபடி. லாகார்டியா உட்பட மூன்று கல்லூரிகளில் குறைந்த வருமான மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் மூன்று ஆண்டில் பட்டம் பெற்றார்கள். இல்லாதவர்களில் சுமார் 22 விழுக்காடுதான். இதில் சேர முழுநேரம் படித்தாக வேண்டும். வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்தாவது இதில் நுழைய முடியுமானால், தயங்காமல் நுழையுங்கள் என்பேன். இதைவிடப் பயனுள்ள உதவி எனக்குத் தெரிந்து அங்கே இல்லை.

சென்னையிலிருந்து எஃப்-1 விசாவில் (முழுநேர மாணவர் விசா) போகலாமா? போகலாம். ஆனால் முழுநேரம் படிக்க வேண்டும், வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். முதல் ஆண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க அனுமதியில்லை. சம்பாதித்துப் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணவரோ மனைவியோ எச்-1பி வேலை விசாவில் இருக்க, எச்-4 விசாவில் உடன் போனவர்கள் பகுதிநேரமாகவும் படிக்கலாம். வேலைக்குத் தனி அனுமதி வேண்டும்.

இரண்டாண்டுப் பட்டத்துக்குப் பிறகு? செவிலியர் படிப்பு முடித்தவர்கள் உரிமத் தேர்வு எழுதி நேரே வேலைக்குப் போகலாம். க்யூனியின் குவீன்ஸ் கல்லூரி, ஹன்டர் கல்லூரி போன்றவற்றுக்கு மாறி நான்காண்டுப் பட்டத்தை முடிக்கவும் வழி உண்டு. எல்லாப் படிப்பும் ஒன்றுபோல் மாறாது. தொழிலுக்கென்றே அமைந்த படிப்புகளில் சில பாடங்களை அடுத்த கல்லூரி கணக்கில் எடுக்காமல் போகலாம்.

கிளம்பும் முன் தமிழ்நாட்டில் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் சான்று நகலை முத்திரையிட்ட உறையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் படித்த சில பாடங்களுக்கு லாகார்டியாவில் கிரெடிட் கிடைக்கலாம். முதல் பாடத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே, பின்னால் மாற விரும்பும் கல்லூரி எந்தப் பாடங்களை ஏற்கும் என்பதை ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.