பாம்புக்கடியிலிருந்து மீண்டெழுதல்: ஜவ்வாது மலை மக்களுக்குச் சில விளக்கங்கள்

சாமைக் கதிர் முற்றும் காலம் எலிகளுக்குக் கொண்டாட்டமான காலம்; எலிகளைத் தேடி வரும் பாம்புகளுக்கும் அவ்வாறே. கல்லடுக்கிய வரப்பும், வீட்டையொட்டிய விறகுக் குவியலும், தாள் போரும் அவற்றிற்கு உறைவிடமாகின்றன. ஆதலின் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் மக்களுக்குப் பாம்புக்கடி புதிய செய்தியன்று. ஆனால் அதற்குரிய சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. ஓர் ஊசி போட்டால் விஷம் இறங்கிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில், கடிபட்டவர் பிழைப்பது ஊசியினால் மட்டுமன்று. அந்த ஒருவரின் உடலில் விஷம் என்ன செய்கிறது என்பதை மருத்துவர் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில், அருகிலிருந்து கவனித்து அதற்கேற்ப நடந்துகொள்வதினாலாகும்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இவர்களுட் பெரும்பாலோர் கிராமத்தினர். உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இதனை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்பது தெரிந்தால்தானே அங்கு மருந்தைப் போதிய அளவில் வைக்க முடியும்?

நம் நாட்டில் உயிர்ச்சேதம் விளைப்பவை பெரும்பாலும் நான்கு இனங்களே: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்நான்கின் விஷத்தையும் முறிக்கும் மருந்து ஒன்றே. குதிரைக்கு விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து இம்மருந்தைத் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அளித்து வந்திருக்கிறது. பழங்குடி மக்களின் கைத்திறனே நாடு முழுவதும் உயிர்காக்கும் மருந்தாகிறது என்பதை மலைவாழ் மக்கள் பெருமையுடன் நினைக்கலாம். கடித்த பாம்பைத் துரத்தி அடித்து மருத்துவமனைக்குச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. மருந்து நான்கிற்கும் பொதுவாகையால், மருத்துவர் பாம்பைவிட நோயாளியைத்தான் பார்க்கிறார்.

எவ்வாறு பார்க்கிறார்? விரியன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. எனவே நோயாளியின் இரத்தத்தில் இரண்டு மில்லி லிட்டர் அளவு எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பின்னர் குழாயைச் சாய்த்தால் இரத்தம் கட்டியாக நிற்க வேண்டும். நீராக ஓடினால் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். எளிய சோதனைதான், மின்சாரமும் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம். ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும். சோப்புப் பொடியால் கழுவியதாக இருத்தல் கூடாது. இச்சிறு கவனக்குறைவு முடிவையே மாற்றிவிடும்.

மருந்தின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 60 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட விஷத்தைச் செலுத்துகிறது. பத்து மில்லி லிட்டர் கொண்ட ஒரு குப்பி மருந்து 6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும். ஆகவேதான் முதல் தவணையாக 8 முதல் 10 குப்பிகள் வரை தருகிறார்கள். "பச்சைக் குழந்தைக்கு இவ்வளவு மருந்தா?" என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே! ஆதலால் குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தளவு ஒன்றே. ஆறு மணி நேரத்திற்குப்பின் இரத்தச் சோதனையை மீண்டும் செய்கிறார்கள். விஷம் முறிந்திருந்தால், இழந்த உறைபொருளை ஈரல் புதிதாக உண்டாக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். அப்போதும் இரத்தம் உறையவில்லையெனில் மறு தவணை. ஒருவருக்கு ஒரு தவணை போதும். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு இரண்டு, மூன்று வேண்டியிருக்கும். சிலருக்கு மருந்தே ஒவ்வாமல் உடல் தடித்து, மூச்சு முட்டும். அதற்கான அட்ரினலின் ஊசி கையருகே தயாராக இருக்கவேண்டும். மருந்துக் குப்பி மட்டும் இருந்து, கவனிக்கும் ஆள் இல்லாத இடத்தில் இச்சிகிச்சை நடவாது என்பது இதனால் விளங்கும்.

கட்டுவிரியனின் கதை வேறு. அது இரவில் தரையில் படுத்துறங்குவோரையே பெரும்பாலும் கடிக்கிறது. வலியில்லை, வீக்கமில்லை, பற்குறிகூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவர், சிறிது நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியாமல் தவிப்பார். பின்பு பேச்சுக் குழறி, விழுங்க இயலாமற்போய், முடிவில் மூச்சுவிடும் தசையும் ஓய்ந்துவிடும். நல்ல பாம்பின் விஷமும் நரம்பைத் தாக்குவதே. ஆனால் அதற்கு நியோஸ்டிக்மின் என்னும் ஊசியை அட்ரோபினுடன் சேர்த்துக் கொடுத்தால் பலருக்கு அரைமணி நேரத்திற்குள் இமை திறக்கக் காணலாம். கட்டுவிரியன் விஷமோ நரம்பு நுனியையே சிதைத்துவிடுவதால், அது புதிதாக வளரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. குப்பி குப்பியாக மருந்தை ஏற்றியும் பயனில்லை. அதுவரை செயற்கைச் சுவாசக் கருவி நோயாளிக்காக மூச்சுவிடுகிறது. சில நாட்கள், சில வேளை ஒரு வாரத்திற்கும் மேல்.

இங்கு உறவினர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. அசைவற்று, கண் மூடி, பிணம்போல் கிடக்கும் அந்நோயாளிக்கு அறிவு தெளிவாகவே இருக்கலாம். பேசுவது காதில் விழும். "இனிப் பயனில்லை, வீட்டிற்குக் கொண்டுபோகலாம்" என்று கட்டிலருகே நின்று பேசுவதும், அவ்வாறே கொண்டுபோவதும் எவ்வளவு கொடுமை! மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்தால் இத்தகையோரில் பலர் எவ்விதக் குறையுமின்றி எழுந்து நடக்கிறார்கள்.

கண்ணாடி விரியன் கடித்தவரிடத்தில் மூன்றாவதொரு கவலை உண்டு: சிறுநீரகம். சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ, இரத்தத்தைக் கருவிமூலம் சுத்திகரிக்க வேண்டும். பல தடவை செய்தபின் சிறுநீரகம் தானே வேலையைத் தொடங்குவதை மருத்துவர்கள் காண்கிறார்கள். தாமதித்து வந்தவர் சிலருக்கு அது திரும்புவதில்லை. வீடு திரும்பிய பிறகும் ஓரிரு வாரங்களில் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்புத் தோன்றினால் மருத்துவரிடம் மீண்டும் காட்ட வேண்டும். அது குதிரை மருந்தின் பின்விளைவு, எளிதில் தீர்வது.

வேரும் மந்திரமும் பலித்ததைக் கண்ணால் கண்டோம் என்பார் உளர். விஷப் பாம்பும் பல சமயங்களில் விஷம் செலுத்தாமலே கடிக்கிறது. விஷமற்ற பாம்புகளோ மிகப் பல. அத்தகையோர் எப்படியும் பிழைத்திருப்பார்கள். பெருமை மட்டும் வேருக்குச் சேர்ந்தது. ஊர்ப் பெரியவரான வைத்தியரைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "ஐயா, முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள்" என்று அவரையே சொல்லச் செய்தால், அவர் சொல்லுக்கு மலையில் மதிப்புண்டு.

2023 மே மாதத்தில், அணைக்கட்டு ஒன்றியத்தைச் சேர்ந்த அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு தீண்டிய குழந்தையொன்று மருத்துவமனை சேருமுன் இறந்தது. வாகனம் செல்லும் பாதை இல்லாமையால், அதன் உடலையும் பெற்றோர் மலையேறிச் சுமந்து செல்ல நேர்ந்தது. மேலே கூறிய சிகிச்சை யாவும் கீழே தயாராக இருந்தென்ன? டோலி கட்டித் தூக்கிவரும் ஒவ்வொரு நாழிகையிலும் விஷம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

ஆகையால் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மழைக்கு முன்பே கவனிக்கத்தக்கவை சில. குக்கிராமத்திலிருந்து வண்டிப்பாதை வரையுள்ள வழி, இரவிலும் டோலி வரத்தக்கதாக இருக்கிறதா? கைபேசிக்குக் கோபுரத் தொடர்பு கிட்டாத ஊர்களில், 108-ஐ அழைக்க எந்த மேட்டுக்கு ஓடவேண்டும், எவர் ஓடுவார்? ஜீப் வைத்திருப்பவர் யார்? ஜமுனாமரத்தூருக்குச் செல்வதா, போளூர், திருப்பத்தூர் அல்லது வேலூர் பக்கம் இறங்குவதா என்பதும் முன்கூட்டியே தெரிந்திருத்தல் நலம். விஷ முறிவு மருந்து இருக்கும் மிக அருகான இடத்தில் முதல் தவணையைப் பெற்றுக்கொண்டு, பிறகு சுவாசக் கருவியுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. கை காலை மூங்கில் தப்பையோடு சேர்த்து அசையாதவாறு, ஆனால் இறுக்காமல், கட்டுக. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு இவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுக. கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்குதல் ஆகாது. எவரேனும் முன்பே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அதை அவிழ்க்காமல் மருத்துவரிடம் விட்டுவிடுக. உடன் செல்பவர் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு செய்திகளைக் குறித்துச் செல்லட்டும்: கடித்த நேரம், இமை தாழத் தொடங்கிய நேரம், ஈறிலோ காயத்திலோ இரத்தம் கசிந்ததா, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது.