புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் பறிபோகும்: ஊவா சாரதிகள் அறிந்திருக்க வேண்டியவை

மலைநாட்டு வீதிகளில் வாகனம் செலுத்துவது எத்துணை பொறுப்பு வாய்ந்த பணி என்பதை ஊவா மக்களுக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பாதாளம், நடுவே இரண்டு வாகனங்கள் ஒதுங்கிச் செல்வதற்கே இடம் போதாத வளைவுகள். மாலையாகிவிட்டால் பனிமூட்டம், மழை பெய்தால் மண்சரிவு. இந்த வீதிகளில்தான் பாடசாலைப் பிள்ளைகளும், தோட்டத் தொழிலாளரும், சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்லும் வியாபாரிகளும் நாள்தோறும் பயணம் செய்கின்றனர்.

2021 மார்ச் 20 ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் வண்டி பசறை 13 ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்ததையும், அதில் குறைந்தது 14 பேர் உயிரிழந்ததையும் எம்மால் மறக்க இயலாது. 2019 ஏப்ரல் 17 ஆம் திகதி மஹியங்கனையில் வான் ஒன்றும் பஸ் வண்டியும் மோதியதில் 10 பேர் பலியாகினர். 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்ற பஸ் வண்டி மற்றுமொரு வாகனத்துடன் மோதி, பாதுகாப்பு வேலியையும் உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் வீழ்ந்தது. தங்காலையிலிருந்து வந்திருந்தோர் உட்பட குறைந்தது 15 பேரின் உயிர்கள் அங்கு பறிபோயின. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் மாண்டு போகின்றனர்.

இத்தகைய பெரும் விபத்து ஒன்று நிகழும்போதெல்லாம் தண்டப்பணத்தை உயர்த்த வேண்டும், சட்டத்தை இறுக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. அத்துடன் சேர்ந்து எழும் மற்றொரு சொல் ‘குறைப்புள்ளி முறைமை’ என்பதாகும். இது பற்றிப் பேசப்படும் அளவுக்கு இது எவ்வாறு இயங்குகிறது என்பது விளக்கப்படுவதில்லை. சாரதித் தொழிலையே நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்ள ஊவாவில் இதனைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

குறைப்புள்ளி முறைமையின் அடிப்படை எளிமையானது. சாரதி ஒருவர் வீதிக் குற்றம் ஒன்றைப் புரிந்தால் தண்டப்பணத்துக்கு மேலதிகமாக அவரது பெயரில் சில புள்ளிகள் பதியப்படும். சிறிய குற்றத்துக்குக் குறைந்த புள்ளிகள். உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடிய குற்றத்துக்குக் கூடிய புள்ளிகள். குறித்த ஒரு காலத்துக்குள் இப்புள்ளிகள் குறித்த எல்லையைத் தொட்டுவிட்டால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும் அல்லது இரத்துச் செய்யப்படும். காலம் கடந்த பழைய புள்ளிகள் கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். எல்லை 24 புள்ளிகள், காலம் இரண்டு ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதி ஒருவர் முதலாம் ஆண்டு ஜனவரியில் வேகமாகச் செலுத்தியமைக்காக 6 புள்ளிகள் பெறுகிறார். ஆகஸ்டில் கைபேசியில் உரையாடியபடி செலுத்தியமைக்காக மேலும் 6. மறு ஆண்டு மார்ச்சில் இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்திச் சென்றமைக்காக இன்னும் 6. இப்போது அவரது கணக்கில் 18 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு தடவையும் தண்டப்பணத்தைச் செலுத்திவிட்டதால் விடயம் முடிந்துவிட்டது என்றே அவர் எண்ணியிருப்பார். ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் மீண்டும் ஒரு தடவை அகப்பட்டு 6 புள்ளிகள் சேருமாயின் மொத்தம் 24 ஆகிவிடும், அனுமதிப்பத்திரம் கைநழுவும். அதே குற்றம் மூன்றாம் ஆண்டு பெப்ரவரியில் நிகழ்ந்திருந்தால் முதலாவது 6 புள்ளிகள் காலாவதியாகி, கணக்கு 18 ஆகவே நின்றிருக்கும். ஒரு பெருங்குற்றத்தால் மட்டுமல்ல, அற்பமானவை என்று அலட்சியம் செய்த பல குற்றங்கள் ஒன்றுசேர்வதாலும் தொழில் பறிபோகலாம் என்பதே இதிலுள்ள படிப்பினை.

தண்டப்பணத்துக்கும் புள்ளிக்கும் இடையிலான வேறுபாட்டை இங்கு கவனித்தல் வேண்டும். தண்டப்பணம் பணப்பையைத் தாக்குகிறது. வசதி படைத்தவருக்கு அது ஒரு பொருட்டல்ல. அன்றாடம் உழைத்து உண்பவருக்கோ அது இரண்டு மூன்று நாள் வருமானம். பஸ் அல்லது லொறி உரிமையாளர் சாரதியின் தண்டத்தைத் தாமே செலுத்திவிட்டு, “நீ ஓடு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடவும் முடியும். புள்ளியை அவ்வாறு எவரும் விலை கொடுத்து வாங்க முடியாது. செல்வந்தரின் பெயரிலும் ஏழையின் பெயரிலும் அது ஒரே அளவாகவே பதியும். இந்தச் சமத்துவமே இம்முறைமையின் பெரும் சிறப்பாகும்.

உலகின் பல நாடுகளில் இது நீண்டகாலமாக நடைமுறையில் உள்ளது. பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் சாதாரணமாகக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு வாகனம் செலுத்தத் தடை விதிக்கப்படும். அங்கு புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவர் முதல் இரண்டு ஆண்டுகளில் 6 புள்ளிகளைத் தொட்டாலே அதனை இழந்துவிடுவார். கைபேசியைக் கையில் பிடித்தபடி செலுத்தும் குற்றத்துக்கு மட்டும் அங்கு 6 புள்ளிகள். சிங்கப்பூரில் 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் பெறும் சாரதி முதல் தடவையாக 12 வாரங்களுக்கு இடைநிறுத்தப்படுவார். அங்கேயே 12 மாதங்கள் தொடர்ச்சியாகக் குற்றமின்றி ஓட்டினால் புள்ளிகள் முற்றாக நீக்கப்படும். ஜேர்மனியில் 2014 மே மாதம் முதல் 8 புள்ளிகளே எல்லை; அதற்கு முந்திய கட்டங்களில் எழுத்துமூல எச்சரிக்கை வழங்கப்படுகிறது. வளைகுடா நாடுகளில் ‘கறுப்புப் புள்ளி’ என்று சொல்லப்படுவதும் இதுவேயாகும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளிலிருந்து வீட்டுச் சாரதிகளாகச் சென்று திரும்பிய சகோதரர்கள் பலர் இதனை அனுபவத்தில் அறிவர். அங்கு ஆசனப்பட்டியை மறவாது அணிந்து, மஞ்சள் விளக்கைக் கண்டதும் வேகத்தைக் குறைத்த அதே கரங்கள், ஊர் திரும்பியதும் வளைவில் முந்திச் செல்வது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

எமது நாட்டில் வீதிச் சட்டத்தின் அடித்தளம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். அதற்குக் கொண்டுவரப்பட்ட 2009 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துடன் புள்ளி முறைமை பற்றிய பேச்சு ஆரம்பமானது. அதன் பின்னர் பல தடவைகள் அறிவிப்புக்கள் வந்தன. 24 புள்ளிகள் என்ற எல்லையே அடிக்கடி குறிப்பிடப்பட்டது. ஆயினும் அறிவிப்புக்கும் செயலுக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்தன. 2017 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் சில குற்றங்களுக்கான குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாவாக முன்மொழியப்பட்டபோது தனியார் பஸ் துறையினர் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கியதும் நினைவிருக்கலாம். தண்டத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது விபத்துக்களை ஒழித்துவிடவில்லை என்பதைப் பசறையும் எல்லவும் எமக்கு உணர்த்திவிட்டன.

புள்ளி முறைமை வேறு, ஏற்கனவே உள்ள அதிகாரங்கள் வேறு என்பதையும் சாரதிகள் மறந்துவிடலாகாது. மதுபோதையில் செலுத்துதல் போன்ற பாரிய குற்றங்களில், புள்ளிகள் ஒன்றுமே இல்லாத ஒருவரது அனுமதிப்பத்திரத்தையும் இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இடைநிறுத்தப்பட்ட காலத்தில் வாகனம் செலுத்துவது மேலும் ஒரு குற்றமாகும். அந்நேரம் விபத்து நிகழ்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கைவிரித்துவிடக்கூடும். அப்போது இழப்பீட்டுச் சுமை முழுவதும் சாரதியின் தலையிலேயே விழும்.

முறைமை நல்லது என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம். எனினும் அது நீதியாக இயங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தமது கணக்கில் எத்தனை புள்ளிகள் உள்ளன, அவை எதற்காகப் பதியப்பட்டன என்பது சாரதிக்கு உரிய காலத்தில், அவருக்கு விளங்கும் மொழியில் தெரிவிக்கப்பட வேண்டும். எச்சரிக்கை சென்றடையாத இடத்தில் தண்டனை மட்டும் சென்றடைந்தால் அது திருத்தமாகாது. ஊவாத் தோட்டப் பகுதிகளை நினைக்கும்போது எமக்கு எழும் கவலையும் இதுவே.

முதலாவது, முகவரிப் பிரச்சினை. மடூல்சீமை, நமுனுகுல, தெமோதரை, ஹாலிஎல எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களில் லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமை நெடுங்காலக் குறையாகும். கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குச் சென்று, அங்கிருந்து எவர் கையாலோ வந்து சேர வேண்டியுள்ளது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்ததால் வேலைவாய்ப்பை இழந்த இளைஞர்களின் கதைகள் மலையகத்துக்குப் புதியன அல்ல. இடைநிறுத்த அறிவித்தலும் அவ்வாறே மேசையொன்றில் தேங்கிக் கிடக்குமாயின், அறியாமலே ஒருவர் அனுமதிப்பத்திரமற்ற சாரதியாக வீதியில் ஓடிக்கொண்டிருப்பார். ஆகவே கடிதத்தை மட்டும் நம்பாது கைபேசிக் குறுஞ்செய்தி மூலமும் அறிவிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, மொழிப் பிரச்சினை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பதுளை மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் பல இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. இருந்தும் வீதியோரத்தில் பொலிஸார் கையால் எழுதிக் கொடுக்கும் தண்டச் சீட்டு பெரும்பாலும் சிங்களத்திலேயே அமைகிறது. தாம் எக்குற்றத்துக்காகத் தண்டம் செலுத்துகிறோம் என்பதே தெரியாமல் தபாலகத்தில் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்புவோர் உள்ளனர். தண்டத்தோடு விடயம் முடிந்த காலத்தில் இது ஒரு சங்கடமாக மட்டுமே இருந்தது. புள்ளி என்று வரும்போதோ, வாசிக்க முடியாத ஒரு வரி பிற்காலத்தில் வாழ்வாதாரத்தையே பாதிக்கும். குற்றம் எது என்று அறியாதவர் அதனை மறுத்து நீதிமன்றம் செல்லும் உரிமையை எங்ஙனம் பயன்படுத்துவார்?

மூன்றாவது, பொறுப்பு யாருடையது என்ற வினா. தோட்டங்களில் வேலை குறைந்த பின்னர் இளைஞர்கள் பலர் தவணைக் கடனில் முச்சக்கரவண்டி வாங்கி ஓட்டுகின்றனர்; வேறு சிலர் அடுத்தவர் வண்டியை நாட்கூலிக்கு ஓட்டுகின்றனர். ஒரு நாளைக்கு இத்தனை ரூபா கொண்டுவர வேண்டும் என்று உரிமையாளர் இலக்கு வைக்கும்போது, வேகமும் அளவுக்கு மீறிய ஏற்றலும் சாரதியின் சுயவிருப்பத்தால் மட்டும் நிகழ்வனவல்ல. தேய்ந்த சில்லும் பழுதடைந்த பிரேக்கும் உள்ள வண்டியை வீதியில் விட்ட உரிமையாளர் தப்பித்துக்கொள்ள, சாரதி மட்டும் புள்ளிகளைச் சுமப்பது முறையாகாது. வீதிக்கும் பொறுப்புண்டு. பசறை விபத்து நிகழ்ந்த இடத்தில் சரிந்து கிடந்த பாறை பாதையை ஒடுக்கியிருந்தமை அன்று பரவலாகச் சுட்டிக்காட்டப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் வீதிகள் பல மண்சரிவினால் பெரும் சேதமடைந்தன. சாரதிக்குப் புள்ளி இடலாம். பராமரிக்கப்படாத வீதிக்குப் புள்ளி இடுவார் எவருமில்லை.

ஆயினும் வாழ்வாதாரத்தைக் காட்டிக் குற்றங்களுக்கு மன்னிப்புக் கோருவதை நாம் ஆதரிக்கவில்லை. பள்ளத்தில் வீழ்ந்த பஸ்ஸில் இருந்தவர்களும் குடும்பம் காக்கப் புறப்பட்டவர்களே. பிரித்தானியாவில் தடை விதிக்கப்படும் நிலையிலுள்ள சாரதி தமக்கு விதிவிலக்கான கஷ்டம் நேரும் என்று நீதிமன்றத்தில் முறையிடலாம். அதனை நிரூபிப்பது இலகுவல்ல. ஜேர்மனியில் ஐந்துக்கு மேற்படாத புள்ளிகள் உள்ளவர் தாமே முன்வந்து பயிற்சி வகுப்பொன்றில் பங்குபற்றினால் ஒரு புள்ளி குறைக்கப்படும். இத்தகைய வாயில்கள் இங்கும் இருப்பது நலம். பயிற்சி வகுப்பு பதுளையிலும் பண்டாரவளையிலும் தமிழிலும் நடத்தப்பட வேண்டும். கொழும்புக்குச் சென்று வரப் பணமும் இரண்டு நாள் உழைப்பும் இழக்க வேண்டுமாயின் அந்த வாயில் திறந்திருந்தும் பயனில்லை.

சாரதிகளுக்கு நாம் கூறக்கூடியவை சில. தண்டச் சீட்டில் எழுதப்பட்டுள்ள குற்றம் எதுவென்று அவ்விடத்திலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரிடமாவது காட்டி உறுதிப்படுத்துங்கள். தபாலகத்தில் தண்டம் செலுத்துவதற்கு 14 நாட்கள் உள்ளன. அதனைத் தவறவிட்டால் தொகை இரட்டிப்பாகும், பின்னர் வழக்காகும். 2025 ஆம் ஆண்டு முதல் இணையவழியிலும் செலுத்தும் வசதி ஏற்படுத்தப்பட்டது. பற்றுச்சீட்டையும் தண்டச் சீட்டின் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள். முகவரியோ தொலைபேசி இலக்கமோ மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். செய்யாத குற்றம் எனில் அவசரத்தில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தண்டம் செலுத்துவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே கொள்ளப்படும்.

அதிகாரிகளிடம் நாம் வேண்டுவது மிகையன்று. புள்ளிக் கணக்கை மூன்று மொழிகளிலும் எவரும் பார்த்தறிய வகை செய்யுங்கள். எல்லையை எட்டுவதற்கு முன்னரே எச்சரிக்கை அனுப்புங்கள். உரிமையாளரையும் பொறுப்பாளியாக்குங்கள். மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் இந்த விளக்கத்தை மக்களிடம் கொண்டு செல்ல முன்வர வேண்டும்.

சாரதி ஆசனத்தில் அமர்பவரிடம் பின்னால் இருப்போர் தம் உயிரையே ஒப்படைக்கின்றனர். அமானிதம் என்றாலும் அடைக்கலப் பொருள் என்றாலும் கருத்து ஒன்றே. அனுமதிப்பத்திரம் என்பது அந்த நம்பிக்கைக்கு அரசு வழங்கும் அத்தாட்சி. அதனை மீண்டும் மீண்டும் மீறுபவரிடமிருந்து அது திரும்பப் பெறப்படுவது நியாயமே. ஆனால் ஏன் பெறப்படுகிறது என்று அறியாமலே எவரும் அதனை இழந்துவிடக் கூடாது.