மேல்திறப்புச் சலவை இயந்திரப் பராமரிப்பு

மேல்திறப்புச் சலவை இயந்திரம் என்பது மேற்புற மூடி வழியாகத் துணிகளை இட்டு, நிலைக்குத்து அச்சில் சுழலும் தொட்டியில் துவைக்கும் வீட்டு மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது டாப் லோடு வாஷிங் மெஷின் எனப்படுகிறது. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் முழுத்தானியங்கி வகையில், தொட்டியின் அடியில் உள்ள சுழல்தட்டு நீரையும் துணியையும் கலக்கித் துவைக்கிறது. அவ்வகை இயந்திரத்தின் செயற்பாடு, வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு, பழுதின் இடத்தை அறியும் முறை ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இவ்வியந்திரம் ஒரு கட்டம் நிறைவேறியதை உறுதிசெய்த பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்லும். ஆகவே, அது எக்கட்டத்தில் நின்றது என்பதே பழுதை அறிவதற்கான முதல் தடயம் ஆகும். வடிகுழாய் மடிந்திருப்பதைக் கவனியாமல் மின்சுற்றுப் பலகையை மாற்றுவது போன்ற வீண்செலவுகளை இதனால் தவிர்க்கலாம்.

அமைப்பு

இயந்திரத்தின் உள்ளே இரண்டு தொட்டிகள் உள்ளன. வெளித்தொட்டி நீரைத் தாங்கி நிற்கும், அது சுழலாது. துளைகள் உள்ள உள்தொட்டியில் துணி இருக்கும். வெளித்தொட்டி, உடற்பெட்டியின் நான்கு மூலைகளிலிருந்து வில்சுருள் பொருத்திய கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருக்கும். உள்தொட்டியின் மேல்விளிம்பில் உள்ள நெகிழி வளையத்தினுள் உப்புநீர் அடைக்கப்பட்டிருக்கும். தொட்டி வேகமாகச் சுழலும்போது இந்நீர் எடை குறைந்த பக்கத்துக்கு நகர்ந்து, சிறிய சமநிலைக் குறைவுகளை ஈடுசெய்கிறது.

அடியில் உள்ள மின்னோடி (மோட்டார்), பெல்ட் வழியாகவோ நேரடியாகவோ இயக்கத்தைத் தருகிறது. துவைக்கும்போது சுழல்தட்டு மட்டும் சுழல வேண்டும்; பிழியும்போது உள்தொட்டி முழுவதும் சுழல வேண்டும். இம்மாற்றத்தைச் செய்வது கிளட்ச் ஆகும். பல இயந்திரங்களில் ஒரே சிறிய வடிகால் மின்னோடி, வடிகால் வால்வைத் திறப்பதோடு கிளட்சையும் பிழிதல் நிலைக்கு இழுக்கிறது. எனவே நீர் வடியாமையும் தொட்டி சுழலாமையும் ஒருசேரத் தோன்றினால், அவை இரு வேறு பழுதுகள் அல்ல, ஒரே பழுதின் இரு அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

செயற்படும் ஒழுங்கு

1. எடை அறிதல்: சுழல்தட்டைச் சில முறை அசைத்து, துணியின் அளவை இயந்திரம் மதிப்பிடும்.
2. நீர் நிரப்புதல்: மின்காந்த வால்வு திறந்து நீர் உள்ளே வரும். நீர்மட்டம் உயரும்போது, வெளித்தொட்டியின் அடியிலிருந்து மேலே செல்லும் மெல்லிய குழாயில் அடைபட்ட காற்று அழுத்தப்படும். அவ்வழுத்தத்தை அளந்து நீர்மட்டத்தை உணரி கணிக்கிறது.
3. துவைத்தல்: சுழல்தட்டு முன்னும் பின்னுமாக மாறி மாறிச் சுழலும்.
4. வடித்தல்: வடிகால் வால்வு திறக்கும். நீர்மட்டம் குறைந்ததை உணரி உறுதிசெய்ய வேண்டும்.
5. பிழிதல்: மூடி மூடப்பட்டிருப்பதையும் தொட்டி சமநிலையில் இருப்பதையும் உறுதிசெய்த பின்னர் உள்தொட்டி வேகமெடுக்கும்.

அலசல் என்பது 2 முதல் 5 வரையான கட்டங்களின் மறுநிகழ்வே. ஏதேனும் ஒரு கட்டம் குறித்த நேரத்தில் நிறைவேறாவிடில் இயந்திரம் நின்று, திரையில் பிழைக்குறியைக் காட்டும். எடுத்துக்காட்டாக, எல்ஜி நிறுவன இயந்திரங்களில் 'ஐஇ' என்பது நீர் போதிய அளவு வராமையையும், 'ஓஇ' என்பது நீர் வடியாமையையும், 'யூஇ' என்பது சமநிலையின்மையையும் குறிக்கும். குறிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஆனால் அவை சுட்டும் கட்டங்கள் பெரும்பாலும் இவையே.

பராமரிப்பு

பஞ்சு வடிப்பை: உள்தொட்டியின் சுவரில் பொருத்திய வலைப்பை, துணியிலிருந்து உதிரும் நூலிழைகளைச் சேகரிக்கிறது. ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் இதைக் கவிழ்த்துக் கழுவுதல் நன்று. கிழிந்த பையை உடனே மாற்ற வேண்டும். இல்லையேல் இழைகள் வடிகால் வால்வைச் சென்றடையும்.

நீர்நுழைவாய் வலை: குழாய் இயந்திரத்துடன் இணையும் இடத்தில் ஒரு சிறு வலை இருக்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் மணலும் துருவும் இங்கே தேங்கும். தண்ணீர்க் குழாயை மூடி, மின்செருகியைக் கழற்றிய பின், இவ்வலையை எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம்.

சலவைத்தூள்: தூள் மிகுந்தால் துணி மிகத் தூய்மையாகும் என்பது சரியன்று. மிகுதியான நுரை இரு தொட்டிகளுக்கும் இடையே நிறைந்து, பிழியும்போது உள்தொட்டியின் வேகத்தைத் தடுக்கும். கரையாத தூளும் துணி மென்மையாக்கியும் கலந்த பசை வெளித்தொட்டியின் உட்சுவரில் படிந்து, பூஞ்சைக்கு உணவாகும். துவைத்த துணியில் வீசும் ஊறல் நாற்றத்துக்கு இப்படிவு ஒரு முக்கியக் காரணம் ஆகும். சலவை முடிந்த பின் மூடியைச் சில மணிநேரம் திறந்து வைத்தால் உள்ளே உலரும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கண்காணிப்புடனேயே செய்ய வேண்டும்.

கடினநீர்: இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரப்படி, மொத்தக் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், மாற்று நீர்வழி இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகள் பலவற்றில் கடினநீர் வழக்கமான சிக்கலாகும். இந்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் வெண்ணிறப் படிவாகத் தொட்டியிலும் வால்விலும் ஒட்டும். இதை அகற்ற, துணி இல்லாத தொட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ 100 கிராம் கலந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு மணிநேரம் ஊறவைத்து வடிக்கலாம். பின்னர் வெறும் நீரில் ஒருமுறை அலச வேண்டும். கையேட்டில் வேறு முறை கூறப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

எலிகள்: பல இயந்திரங்களின் அடிப்பகுதி திறந்திருக்கும். உள்ளே புகும் எலிகள் மின்கம்பிகளையும், நீர்மட்டத்தைக் கணிக்க உதவும் மெல்லிய காற்றுக்குழாயையும் கடித்துவிடுகின்றன. அடித்தடுப்புத் தகடு பொருத்துவது சிறந்த தற்காப்பு ஆகும்.

பழுதறிதல்

நீர் நிரம்பவில்லை: முதலில் தண்ணீர்க் குழாய் திறந்துள்ளதா, நெகிழ்குழாய் மடிந்துள்ளதா, வலை அடைபட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். இவை சரியாக இருப்பின் நீரழுத்தத்தைக் கணிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தை விட ஒவ்வொரு மீட்டர் உயர்ந்திருப்பதற்கும் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். கையேடு குறைந்தது 0.3 பார் கோரினால், ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் தேவை. கீழ்த்தளத்தில் நன்றாக இயங்கிய இயந்திரம், தொட்டிக்கு நேர்கீழே உள்ள மேல்மாடியில் நீர் நிரம்பாமல் நிற்பதற்கு இதுவே காரணமாகலாம். அங்குப் பழுது இயந்திரத்தில் இல்லை. சிறிய அழுத்த நீரேற்றி ஒன்றே போதும்.

நீர் நிற்காமல் நிரம்புகிறது: மின்செருகியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் நீர் வந்தால், நுழைவாய் வால்வு மூடாமல் சிக்கியுள்ளது. நீர் நின்றுவிட்டால், வால்வு நன்றாக உள்ளது. அதை மூடும் கட்டளையே பிறக்கவில்லை எனலாம். காற்றுக்குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கலாம், அல்லது உணரி பழுதடைந்திருக்கலாம். மூன்றாவது வாய்ப்பும் உண்டு: நாணயமோ கொண்டையூசியோ வடிகால் வால்வில் சிக்கியிருந்தால், நிரம்பும் நீர் அப்போதே வடிந்துகொண்டிருக்கும். வடிகுழாயின் முனையைப் பார்த்தே இதை அறியலாம்.

மின்னோடி உறுமுகிறது, சுழல்தட்டு சுழலவில்லை: செருகியைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பாவிடில் அதன் அடியில் ஏதோ சிக்கியுள்ளது. பல இயந்திரங்களில் நடுத் திருகாணி ஒன்றைக் கழற்றினால் தட்டு வெளியே வந்துவிடும். தட்டு எளிதாகத் திரும்பினால், பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது மின்தேக்கி (கப்பாசிட்டர்) வலுவிழந்திருக்கலாம். இயந்திரத்தின் அடியில் கருநிறத் தூளும் ரப்பர் கருகும் மணமும் இருந்தால் பெல்ட் தேய்ந்து வழுக்குகிறது என்று கொள்ளலாம்.

நீர் வடியவில்லை: இந்தியாவில் விற்கப்படும் பல மேல்திறப்பு இயந்திரங்களில் நீரேற்றி இல்லை; நீர் தன் எடையாலேயே வடிகிறது. இவற்றில் வடிகுழாய் தரையோடு தாழ்ந்து செல்ல வேண்டும். நிலைப்படியைத் தாண்டவோ கழுவுதொட்டியில் விடவோ குழாயை உயர்த்தினால் நீர் தேங்கும். குழாய் சரியாக இருந்தும் நீர் வடியாவிடில் வடிகால் வால்வையும் வடிகால் மின்னோடியையும் ஐயுற வேண்டும்.

பிழியும்போது அதிர்கிறது: 40 செ.மீ. விட்டமுள்ள தொட்டி நிமிடத்துக்கு 700 முறை சுழலும்போது, அதன் சுவரில் ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 110 மடங்கு ஆகும். அதாவது, ஒருபுறம் 1 கிலோ ஈரத்துணி கூடுதலாகத் திரண்டால், ஏறத்தாழ 110 கிலோ எடைக்கு இணையான விசை தொட்டியை இழுக்கும். அவ்விழுப்பு நொடிக்குப் பன்னிரண்டு முறை சுற்றிவரும். இயந்திரத்தை நிறுத்தித் துணியைப் பரப்பி வைப்பதே முதல் தீர்வு. ஒற்றைப் போர்வையைத் தனியாகத் துவைப்பதைத் தவிர்க்கலாம். நான்கு கால்களும் தரையில் படிந்துள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். வெறும் தொட்டி சுழலும்போதும் அதிர்ந்தால், தொங்குகம்பிகளில் ஒன்று தளர்ந்திருக்கலாம்.

மழைச்சட்டை, நீர்புகா மெத்தையுறை முதலியவற்றை இயந்திரத்தில் பிழியலாகாது. அவை நீரை விடாமல் தேக்கி வைத்து, வேகம் கூடியபின் திடீரென வெளியேற்றுவதால் சமநிலை குலையும். சமநிலைக் குலைவு சிறிய இடர் அன்று. 2016 நவம்பரில் சாம்சங் நிறுவனம், பிழியும்போது ஏற்பட்ட மிகை அதிர்வால் மேற்பகுதி கழன்றுவிடும் இடர் காரணமாக, ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 28 இலட்சம் மேல்திறப்பு இயந்திரங்களைத் திரும்பப்பெறுவதாக அறிவித்தது.

பாதுகாப்பு

* உடற்பெட்டியைத் தொடும்போது மெல்லிய சுரீர் உணர்வு ஏற்பட்டால், பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். புவியிணைப்பு இல்லாமையோ மின்கசிவோ காரணமாகலாம். ஈரக் கையும் ஈரத் தரையும் இவ்விடரைப் பன்மடங்காக்கும். காலணி அணிந்து சமாளிப்பது தீர்வாகாது.
* புவியிணைப்புள்ள மூன்றுமுனைச் செருகுவாயையே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருப்பது உயிர்காக்கும்.
* செருகியைக் கழற்றாமல் எப்பகுதியையும் திறக்கலாகாது. கழற்றிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம். எனவே பின்மூடியைத் திறந்து செய்ய வேண்டிய சோதனைகளைப் பயிற்சி பெற்றவரிடம் விடுதல் வேண்டும்.
* சிட்ரிக் அமிலத்தையோ வினிகரையோ வெளுப்பானுடன் ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் நச்சுத்தன்மை உள்ள குளோரின் வளிமம் வெளிப்படும்.
* மூடி உணரியை இணைப்புக் கம்பியால் ஏமாற்றி இயக்குவது, சுழலும் தொட்டிக்குள் கை செல்லும் வழியைத் திறந்துவிடுவதாகும்.

பழுதுநீக்குநரை அழைக்கும்போது "ஓடவில்லை" என்று மட்டும் கூறாமல், எக்கட்டத்தில் நின்றது, என்ன ஒலி கேட்டது, திரையில் என்ன குறி தோன்றியது, எவற்றைச் சரிபார்த்தாயிற்று ஆகிய நான்கையும் குறித்து வைத்துக் கூறுதல் நன்று. அவர் சரியான உதிரிப்பாகத்துடன் வரவும், தேவையற்ற பாகம் மாற்றப்படாமல் இருக்கவும் இது உதவும்.